முதற் சாயம்



சென்ற பௌர்ணமி உபோசத நாளில், பஞ்சசீலம் ஏற்றபின் நம் சங்க மண்டபத்தில் நான் பேசியதை எழுதித் தருமாறு பத்திரிகைக் குழுவினர் பணித்தனர். பேசுகையில் விடுபட்ட சிலவற்றைச் சேர்த்தும், ஆத்திரத்தில் சொல்லிவிட்ட இரண்டொன்றை நீக்கியும் இங்கே எழுதுகிறேன்.

மஜ்ஜிம நிகாயத்திலே இரம்பத்தை உவமையாகக் கொண்ட சூத்திரம் ஒன்றுண்டு. பிக்குகளுக்குப் பொறுமையைப் போதிக்கும் அச்சூத்திரத்தில் பகவான் இடையிலே ஒரு சித்திரக்காரனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவன் அரக்கும், மஞ்சளும், அவுரி நீலமும், மஞ்சிட்டிச் சிவப்பும் சுமந்து வருகிறான். இந்த ஆகாயத்தில் நான் உருவங்கள் எழுதப்போகிறேன் என்கிறான். அவனால் முடியுமா என்று பகவான் வினவ, முடியாது என்று பிக்குகள் விடையிறுக்கின்றனர். ஆகாயத்துக்கு உருவமில்லை, வண்ணம் பற்றுதற்கு அங்கே ஒன்றுமில்லை, அவனுக்கு மிஞ்சுவது களைப்பு ஒன்றே. பிறர் சொல்லும் கடுஞ்சொல் பற்றாதவாறு நும் உள்ளத்தையும் அங்ஙனமே ஆக்கிக்கொள்மின் என்பது அவ்வுவமையின் கருத்து.

சம்யுத்த நிகாயத்திலும் ஒரு சித்திரக்காரன் வருகிறான். அவன் கையிலும் அதே அரக்கு, அதே மஞ்சள், அதே நீலம். ஆனால் அவன் எழுதுவது நன்கு மெருகிட்ட பலகையிலோ, சுவரிலோ, துணியிலோ ஆகும். அங்கே அங்கங்கள் யாவும் நிரம்பிய ஆணுருவும் பெண்ணுருவும் எழுகின்றன. அறியாமையிற் கிடக்கும் உலகத்தான் தன் உருவையும் நுகர்ச்சியையும் குறிப்பையும் இங்ஙனமே தானே தீட்டிக்கொள்கிறான் என்று பகவான் விளக்குகிறார்.

நான் பள்ளியில் கற்றது கொஞ்சம். பாலி மொழி அறியேன். மொழிபெயர்ப்புகளைப் பிறர் உதவியுடன் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தவன். எனினும் இந்த இரண்டு சித்திரக்காரரையும் கண்டபோது எனக்கு ஓர் அநுகூலம் இருந்தது. பஞ்சாலையின் சாயப் பிரிவில் நெடுங்காலம் நின்றவன் நான். தறியிலிருந்து இறங்கும் துணி நேரே சாயத் தொட்டிக்குள் போவதில்லை. பாவில் ஏற்றிய கஞ்சியும், பருத்தியோடு பிறந்த மெழுகும் அதில் ஒட்டியிருக்கும். கஞ்சியை நீக்கி, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, அலசியபின்பே அது சாயத்தை உண்ணும். கஞ்சி போகாத இடத்தில் சாயம் திட்டுத் திட்டாக நிற்கும். மேஸ்திரியிடம் ஏச்சும் நிற்கும். நன்றாக வெளுத்த துணியோ முதலில் காட்டிய சாயத்தைச் சரேலென இழுத்துக்கொள்ளும். அதன்பின் வேறு நிறம் வேண்டுமென்றால் முதற் சாயத்தை உரித்தாக வேண்டும். உரித்தாலும் துணி பழைய துணியாகாது, நூல் நலியும்.

ஆகாயம் போன்ற உள்ளம் பயின்று பெறுவது. பிக்குகளும் முதிர்ந்த உபாசகர்களும் முயன்று அடைய வேண்டியது அது. குழந்தையின் உள்ளம் ஆகாயமன்று. வெளுத்து அலசிய துணி. வைரத்தையும் அது ஏற்கும், நட்பையும் ஏற்கும். எது முந்துகிறதோ அதுவே உட்புகும். ஆதலால்தான் பல சாதி, பல மொழி, பல சமயக் குழந்தைகளை ஓரிடத்தில் அமர்த்தித் தாளும் வண்ணமும் கொடுத்துச் சித்திரம் எழுதச் செய்யும் கூட்டங்களை நம் சங்கமும் நடத்த வேண்டுமென்று இரண்டாண்டுகளாக வாதாடி வருகிறேன். தம்மம் போதிக்கும் மண்டபத்தில் பிள்ளைகள் சுவரில் கிறுக்கவா என்று பெரியவர் சிலர் சினந்தனர். அஜந்தாக் குகைகள் சிலவற்றின் சுவர்கள் ஜாதகக் கதைச் சித்திரங்களால் நிறைந்திருப்பதை அவர்கள் மறந்தனர் போலும். தன் தந்தத்தை வேடனுக்கு ஈந்த சத்தந்த யானையின் கதை அங்கே இரண்டு குகைகளில் தீட்டப்பட்டிருக்கிறது. (சுவரில் இரண்டு கோடுகள் விழுந்தது மெய்தான். சுண்ணாம்பு அடித்தாயிற்று.)

இத்தகைய கூட்டத்தால் என்ன விளையும் என்று கேட்போருக்கு நான் ஹிரோஷிமாவைக் காட்டுவேன்.

1946 ஜூலையில் அமெரிக்கர் பசிபிக் கடலிலுள்ள பிகினித் தீவருகே இரண்டு அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தனர். அச்சோதனைக்குத் தலைமை தாங்கிய கடற்படைத் தளபதிக்கு அவ்வாண்டு நவம்பரில் வாஷிங்டன் நகரில் ஒரு விருந்து நடந்தது. விருந்திலே வைத்த கேக், குண்டு வெடித்தெழுந்த புகைக் காளானைப் போன்று செய்யப்பட்டிருந்தது. தளபதியும் அவர்தம் மனைவியாரும் புன்னகையோடு அதனை வெட்டும் புகைப்படம் பத்திரிகையில் வெளிவந்தது. ஹிரோஷிமா எரிந்து அப்போது ஓராண்டும் மூன்று மாதங்களுமே ஆகியிருந்தன.

அந்நகரில் யூனிடேரியன் சபையைச் சேர்ந்த ஆலயம் ஒன்றில் பவல் டேவிஸ் என்னும் போதகர் இருந்தார். படத்தைக் கண்டு உள்ளம் கொதித்த அவர், அடுத்த ஞாயிறன்று அதனைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். பிரசங்கங்கள் பெரும்பாலும் கேட்போர் வாயிற்படி தாண்டுமுன்னே கரைந்துபோம். பிரசங்கம் செய்கிற நான் இதனை நன்கறிவேன். அந்தப் பிரசங்கம் கரையவில்லை. ஜப்பானில் கல்விப் பணியில் அமர்ந்திருந்த அமெரிக்க அதிகாரி ஒருவர் கைக்கு அது சென்று சேர்ந்தது. ஹிரோஷிமாப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதப் பென்சிலும் தாளும் இல்லாத நிலையை அவர் டேவிஸுக்கு எழுதினார். டேவிஸ் அக்கடிதத்தைத் தம் சபைக் குழந்தைகளிடம் கொண்டுசென்றார். அவர்கள் பென்சில், வண்ணக் குச்சி, தாள், பசை, அழிப்பான் என்று வீடு வீடாய்ச் சேர்த்தனர். சேர்ந்தது அரை டன்னுக்கு மேல். 1947-இல் அவை கப்பலேறின.

அவற்றைப் பெற்ற பள்ளிகளுள் ஒன்று ஹொன்காவா ஆரம்பப் பள்ளி. குண்டு வெடித்த மையத்துக்கு ஏறத்தாழ 400 மீட்டர் தொலைவில் நின்ற பள்ளி அது. கான்கிரீட் கட்டடமாதலால் சுவர்க்கூடு எஞ்சியது. உள்ளே இருந்தோர் ஏறத்தாழ அனைவரும் மாண்டனர். மாண்ட பிள்ளைகள் ஏறத்தாழ 400 பேர். சன்னல் இல்லாத அந்தக் கூட்டுக்குள்ளேயே 1946-இல் மீண்டும் பாடம் தொடங்கியது. அங்கே வந்தமர்ந்த பிள்ளைகளில் தாயை இழந்தோர், தந்தையை இழந்தோர், உடன்பிறந்தாரை இழந்தோர் எத்தனையோ பேர். அவர்கள் முன்னே அமெரிக்கக் குழந்தைகள் அனுப்பிய வண்ணக் குச்சிகள் திறந்து வைக்கப்பட்டன.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். குண்டு வந்ததும் அந்நாட்டிலிருந்து. வண்ணம் வந்ததும் அந்நாட்டிலிருந்து. அப்பிள்ளைகள் தீயை வரைந்திருக்கலாம். வரைந்திருந்தால் யார்தாம் குறை கூறுவர்? அவர்கள் வரைந்து நன்றிக்கு அடையாளமாய் வாஷிங்டனுக்கு அனுப்பிய சித்திரங்களிலே பூத்த மரங்களும், விளையாடும் சிறுவரும், பளிச்சென்ற நிறங்களும் இருந்தன. துன்பத்தை மறந்துவிட்டனர் என்று நான் இதற்குப் பொருள் கொள்ளவில்லை. சாம்பல் நிறத்தையே ஈராண்டு கண்ட கண்களுக்குச் சிவப்பும் பச்சையும் கிடைத்தால் எதை வரையத் தோன்றும்? இவ்வளவே நான் கருதுவது. பெரிய தத்துவம் பேசுவோர் பேசிக்கொள்ளட்டும்.

அச்சித்திரங்கள் அந்த ஆலயத்தில் பல பத்தாண்டுகள் பெட்டிக்குள் கிடந்தன. பின்னர் அவற்றைக் கண்டெடுத்துச் செப்பனிட்டு, 2010-இல் ஹிரோஷிமாவுக்கே எடுத்துச்சென்று, அதே ஹொன்காவாப் பள்ளியில் மக்கள் காண வைத்தனர். வரைந்த பிள்ளைகளுள் உயிரோடிருந்தோர் முதியவர்களாய் வந்து, தாம் சிறு வயதில் வரைந்த மரத்தையும் வீட்டையும் பார்த்தனர். 2013-இல் இவ்வரலாறு ஒரு திரைப்படமாகவும் வந்தது.

ஜப்பானியரைக் குற்றமற்றவராக்கிப் பேசுகிறான் என்று எவரும் எண்ண வேண்டா. நம்மவர்க்கும் அவர்கள்மேல் கணக்குண்டு. 1942-43 ஆண்டுகளில் சயாம் பர்மா இரயில் பாதை போடுதற்கு ஜப்பானிய இராணுவம் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசென்ற தமிழர் பல்லாயிரவர் அக்காட்டிலே மாண்டனர். பட்டினியாலும் காலராவாலும் விழுந்த அவர்களுக்குக் குழி தோண்டவும் ஆளில்லை. அதனை நான் மறைக்கவில்லை. ஆயினும் ஹொன்காவாப் பள்ளியிலிருந்த ஏழு வயதுக் குழந்தையிடம் அக்கணக்கை யார் வசூலிப்பது?

தம் நாட்டு இராணுவத்தின் யுத்தத்தால் ஜப்பானியக் குழந்தைகளும் இழந்தவர்களே. 1943-இல் டோக்கியோவின் யூனோ மிருகக்காட்சிச் சாலையிலிருந்த மூன்று யானைகள், அரசாங்க ஆணையால் பட்டினியிட்டே கொல்லப்பட்டன. யுத்தம் முடிந்தபின் அந்நகரக் குழந்தைகள், எங்களுக்கு ஒரு யானை வேண்டும் என்று பிரதமர் ஜவஹர்லால் நேருவுக்குக் கடிதங்கள் எழுதினர். அவர் 1949-இல் இந்திரா என்று தம் மகளின் பெயரிட்ட யானையை அனுப்பினார். அது எங்கிருந்து போயிற்று தெரியுமா? நாம் வாழும் இந்த மைசூர்ச் சீமையிலிருந்து! கன்னடம் ஒன்றையே கேட்டுப் பழகிய யானை அது. ஆகவே உடன் சென்ற பாகரிடம் டோக்கியோப் பாகர்கள் கன்னடக் கட்டளைகளைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 1983 வரை அது அங்கே வாழ்ந்தது. யானையொன்றின்பொருட்டு டோக்கியோவில் கன்னடம் கற்றனர். பெங்களூரில் மூன்று தலைமுறையாய் வாழும் நம் தெருவில், அடுத்த வீட்டாரோடு பேசுதற்குக் கன்னடம் கற்க மனமில்லாதவரும் இருக்கிறார்கள். இதனைச் சொன்னபோது மண்டபத்தில் சிலர் சிரித்தனர், சிலர் சிரிக்கவில்லை.

டில்லியில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-இல் சிறுவர் சித்திரப் போட்டியைத் தொடங்கிப் பின்னர் உலகக் குழந்தைகள் அனைவர்க்கும் அதனைத் திறந்துவிட்டார். நற்பணியே. எனினும் நம் கூட்டத்தில் பரிசு வேண்டாமென்று நான் பிடிவாதமாய் நின்றேன். பரிசு வைத்தால் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்ப்பது தோழமையால் அன்று, அச்சத்தால். தலைப்பும் கொடுக்கக் கூடாதென்றேன். ‘சமாதானம்’ என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். நாற்பது பிள்ளைகளும் நாற்பது புறாக்களை வரைந்து வைப்பர். அது பெரியவர்களின் புறா.

இனி, நான் எழுதத் தயங்கியதை எழுதுகிறேன்.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் மூண்ட கலவரத்தைப் பெரியோர் மறந்திருக்கமாட்டீர்கள். தமிழர் வீடுகள் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். 2016-இல் மறுபடி தீ மூண்டபோது இங்கே தமிழர் வண்டிகள் எரிந்தன. அங்கே தமிழகத்தில் கன்னடர் கடைகள் தாக்குண்டன. 1991-இல் எனக்கு வயது 21. இரண்டாம் ஷிப்டு முடிந்து வந்தபோது எங்கள் குடிசை இருந்த இடத்தில் புகை இருந்தது.

இந்தக் கதையை என் பேரனுக்கு நான் எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. அவனுக்கு இப்போது வயது எட்டு. உறங்குமுன் கதை கேட்பான். ஜாதகக் கதையும் சொல்வேன், இதையும் சொல்வேன். மேடையில் மைத்திரியைப் போதித்துவிட்டு வீட்டிலே இதைச் சொல்வதில் முரணொன்றும் எனக்குத் தோன்றவில்லை. நடந்ததுதானே, குழந்தை வரலாறு அறிய வேண்டாவா என்று எண்ணினேன்.

சென்ற வைசாகப் பூர்ணிமைக்கு அடுத்த ஞாயிறன்று முதற் சித்திரக் கூட்டம் கூடிற்று. நம் தெருப் பிள்ளைகளும், பின்தெருக் கன்னடப் பிள்ளைகளும், மசூதித் தெரு உருதுப் பிள்ளைகள் ஆறு பேரும் பாயில் அமர்ந்தனர். ஒரு மணி நேரம் நான் குனிந்து குனிந்து பார்த்து வந்தேன். ஸ்கூட்டர், ஆட்டுக்குட்டி, கிரிக்கெட் மட்டை, ஒருத்தியின் தாளில் கண்ணாடி போட்ட சூரியன். என் பேரனிடம் வந்தேன். அவன் தாள் நிறையச் சிவப்பு. ஒரு குடிசை எரிகிறது. பந்தம் பிடித்த ஆண்கள் வரிசையாய் நிற்கிறார்கள். அவர்களுக்கு முகமில்லை, மேலே ‘அவர்கள்’ என்று தமிழில் எழுதியிருந்தான்.

அவன் பிறக்குமுன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அணைந்துபோன தீ அது. அவன் கண்டதில்லை. நான் ஏற்றிய சாயம்.

பக்கத்தில் ஒரு கன்னடச் சிறுவன் இருந்தான். எட்டிப் பார்த்து, யார் வீடு என்று கேட்டான். “எங்கள் தாத்தா வீடு” என்றான் பேரன். கன்னடத்திலும் தாத்தாவுக்குத் தாத்தா என்றே பெயர். அச்சிறுவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். யார் கொளுத்தினார்கள் என்று அடுத்துக் கேட்டான். என் பேரன் அவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விடை கூறவில்லை. தாளிலே எழுதிய சொல்லை அவன் கை மெல்ல மறைத்ததை நான் கண்டேன். நானும் விடை கூறவில்லை. அந்தச் சிறுவன் அதற்குமேல் கேளாமல், தாளின் ஓரத்தைத் தன் பக்கம் இழுத்து, காலியாய்க் கிடந்த மூலையில் தீயணைப்பு வண்டி ஒன்று வரையத் தொடங்கினான். அதில் அவன் கைதேர்ந்தவன் என்று தோன்றியது. ஏணி, குழாய், மணி ஒன்றையும் விடவில்லை. சக்கரம் கோணலாயிற்று என்று என் பேரன் குறை சொல்ல, இருவரும் சக்கரத்தைப் பற்றிச் சச்சரவிட்டனர். குழாயிலிருந்து நீர் பீய்ச்சுதற்கு நீலக் குச்சி வேண்டியிருந்தது. ஒரு முழுக் குச்சியும் அதிலே தீர்ந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. சிறுவனாகிய இராகுலனிடம் பகவான் பாத்திரத்தில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டிப் பொய்யின் இழிவை உணர்த்தியது நினைவுக்கு வந்தது. நான் பொய் சொல்லவில்லை. குடிசை எரிந்தது மெய். ஆனால் கதையில் ஒரு பாகத்தை ஒருநாளும் நான் சொன்னதில்லை. எங்கள் வரிசைக்கு எதிரே கன்னடம் பேசும் மூதாட்டி ஒருவர் இருந்தார். அஜ்ஜி என்று அழைப்போம். கும்பல் வருவதைக் கண்டு என் தாயையும் தங்கையையும் இழுத்துச்சென்று, தம் வீட்டு உள்ளறையில் மூன்று இரவு வைத்துச் சோறிட்டவர் அவர். கும்பல் வாசலுக்கு வந்தபோது, உள்ளே இருப்பவர் என் மக்கள் என்று சொல்லிக் கதவை மறித்து நின்றார். அதற்காகப் பின்னர் தம் உறவினரிடம் ஏச்சும் வாங்கினார். இதனை ஏன் விட்டுவிட்டேன் என்று எனக்கே கேட்டுக்கொண்டேன். அஜ்ஜி வந்துவிட்டால் கதையின் சூடு தணிந்துவிடும். அந்தச் சூடு எனக்கு வேண்டியிருந்தது. முப்பதாண்டுகளுக்கு மேலாய் அதிலே நான் குளிர்காய்ந்தேன்.

மறுநாள் பேரனை அருகழைத்து அஜ்ஜியைப் பற்றிச் சொன்னேன். இதை ஏன் முன்பே சொல்லவில்லை தாத்தா என்றான். மறைத்துவிட்டேன் என்றேன். அந்த அஜ்ஜி இப்போது எங்கே என்றான். 2004-இல் இறந்துபோனார் என்றேன். நீங்கள் போனீர்களா என்று கேட்டான். போகவில்லை என்பதையும் சொன்னேன். செய்தி வந்தது, ஷிப்டு இருந்தது, கேட்டிருந்தால் விடுப்புக் கிடைத்திருக்கும், நான் கேட்கவில்லை. சபை நடுவே இதைச் சொன்னபோது தங்கையின் பக்கம் நான் பார்க்கவில்லை. அவள் போயிருந்தாள்.

பேரன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, அஜ்ஜி வீட்டுக் கதவு என்ன நிறம் என்று கேட்டான். பச்சை என்றேன். இளம்பச்சையா, கரும்பச்சையா என்றான். எனக்கு நினைவில்லை. தங்கையைக் கேட்டுச் சொல்வதாகக் கூறி, அன்று மாலையே அவள் வீட்டுக்குச் சென்றேன். கரும்பச்சை என்றாள், ஏன் கேட்கிறாய் அண்ணா என்றாள். நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த சித்திரக் கூட்டம் வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறன்று காலை 10 மணிக்கு நம் மண்டபத்தில் கூடும். பின்தெருப் பெரியவர்கள் இம்முறை தேநீருக்குப் பொறுப்பேற்றுள்ளனர். மசூதித் தெருவிலிருந்து இன்னும் நான்கு பிள்ளைகள் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உபாசகர்கள் தத்தம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தவறாது அனுப்பிவைக்க வேண்டுகிறேன். பெரியவர்கள் வந்தால் பாயில் அமரலாம், வாய் திறவாதிருக்க வேண்டும். தாள் போதிய அளவு இருக்கிறது. வண்ணக் குச்சிகளில் நீலமும் கரும்பச்சையும் தீர்ந்துவிட்டன. கொண்டுவர இயன்றோர் கொண்டுவருக.